மனநல ஆய்வுக்கு ஆள் கிடைக்காதது யாரால்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் மனநல ஆராய்ச்சி பற்றி வெளிவந்த கட்டுரையை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரையொட்டிய சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் வீட்டில் இருந்தபடி இணையத்தில் படித்தேன். மனநோய் உள்ளவர்களும் அவர்களுடைய வீட்டாரும் வெட்கத்தாலும் அச்சத்தாலும் ஆய்வுகளுக்கு முன்வருவதில்லை, அதனால்தான் பல ஆய்வுகள் பாதியில் நின்றுவிடுகின்றன என்று அதில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருந்தது. கும்பகோணத்துப் பக்கம் பிறந்து, செவிலியர் படிப்பை முடித்து, 1996இல் திருமணமாகி இங்கே வந்து, அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நோயாளி மறுப்பதற்கு வெகு முன்பே ஆய்வு நின்றுபோகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வருவார். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதமும், மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் கையெழுத்தும் அவரிடம் இருக்கும். ஆனால் நோயாளிகளின் கோப்புகளை அவராக எடுத்துப் பார்த்து யாரையும் அழைத்துவிட முடியாது. உடல்நலம் பற்றிய விவரங்களைத் தனிக் கவனத்துக்குரியவை என்று இந்நாட்டின் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதனால் அவர் எங்களிடம் ஒரு கட்டுத் துண்டுத்தாள்களைக் கொடுத்து, இன்ன இன்ன நிபந்தனைகளுக்குப் பொருந்துகிறவர்கள் வந்தால் இதைக் காட்டுங்கள், விருப்பமிருந்தால் எங்களிடம் பேசட்டும் என்று கேட்டுக்கொள்வார். நாங்களும் தலையாட்டி வாங்கிக்கொள்வோம். அடுத்த வாரம் அவர் தொலைபேசியில் கேட்டால், "இந்த வாரம் பொருத்தமானவர்கள் யாரும் வரவில்லை" என்போம். இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்குத் துணிவில்லை. வந்தவர்களில் பொருந்துகிறவர்கள் இருந்தார்கள். இவருக்கு இப்போதுதான் தூக்கம் சரியாகியிருக்கிறது, இவர் அம்மா போன மாதம்தான் தவறினார், இவர் கேட்டால் பயந்துவிடுவார் என்று ஒவ்வொருவராக மனத்துக்குள் கழித்துக்கொண்டே போனது நான்தான்.

இந்தப் பழக்கத்தை எனக்கே சுட்டிக் காட்டியவர் ஒரு நோயாளி. அவர் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். மனச்சிதைவு நோய்க்குப் பல மருந்துகள் கேட்காமல் போய், கடைசியில் குளோசாபின் தொடங்கப்பட்டவர். அந்த மருந்து சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் முதல் 18 வாரங்கள் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். அன்று ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்து முடித்து, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, முழங்கையை மடக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிளாஸ்டர் எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தேன். ரத்த அழுத்தக் கருவியின் பட்டைக்கு அடியில் அந்தத் துண்டுத்தாள்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. நெடுங்காலம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்பதைக் கேட்டறியும் ஆய்வு அது. இரண்டு முறை, ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். மடக்காத கையை நீட்டி அவர் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். "இது எனக்கு வந்ததா, சிஸ்டர்?" என்றார். உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றுதான் கொடுக்கவில்லை என்றேன். "பதினெட்டு வாரம் வாராவாரம் ஊசி குத்தினீர்களே அக்கா, அது சிரமமில்லையா?" என்று கேட்டார். இங்குள்ள தமிழர்கள் நான்கு, ஐந்து தலைமுறைகளாக இங்கேயே வாழ்கிறவர்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆயாவும் தாத்தாவும் அக்காவும் மட்டும் தமிழில் வரும். மருத்துவமனைக்குள் எப்போதும் சிஸ்டர் என்றே அழைக்கிறவர் அன்று என்னை அக்கா என்றது எனக்குச் சுருக்கென்றது. தேர்தலில் வரிசையில் நின்று வாக்களிப்பதாகவும், கணக்கெடுப்புக்காரர் வந்தபோது வீட்டில் எல்லாக் கேள்விகளுக்கும் தாமே பதில் சொன்னதாகவும் சொன்னார். பிறகு அந்த ஆய்வைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். அவர்கள் சொன்ன வியாழக்கிழமை பேக்கரியில் தமக்கு வேலை என்பதால் வர முடியாது என்று சொல்லித் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மறுத்ததற்குக் காரணம் வெட்கமோ அச்சமோ அல்ல, ஷிஃப்ட்.

என் தரப்பையும் நான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் செவிலியர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்றோ கல்நெஞ்சர்கள் என்றோ வாசகர்கள் நினைக்கக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் ஓர் ஆய்வாளரிடம் நானே ஒரு பெண்ணை அனுப்பிவைத்தேன். சிறுவயதில் பட்ட கொடுமைகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண் மூன்று இரவுகள் தூங்கவில்லை, நான்காம் நாள் கண்கள் சிவந்து கிளினிக்கில் வந்து நின்றார். ஆய்வாளரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. அந்த ஆய்வில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியாது, இன்றுவரை எனக்கும் தெரியாது. ஒருமுறை சூடு பட்ட பிறகு அடுத்த துண்டுத்தாள் கட்டு இழுப்பறைக்குத்தான் போகும். நோயாளிக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கிற நம்பிக்கை மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில் சேர்ந்தது. முன்பின் தெரியாத ஒருவருக்காக அதிலிருந்து கைமாற்று கொடுக்க யாருக்கு மனம் வரும்?

வேறு காரணங்களும் உண்டு. விடியற்காலையில் மினிபஸ் டாக்சி பிடித்து வந்து நிற்கிற வரிசை மதியம் தாண்டியும் குறையாத நாளில், நான்கு பக்க விளக்கத் தாளைப் பொறுமையாகப் படித்துக் காட்ட நேரம் இருக்காது. யாருக்குப் புதிய சிகிச்சை, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் ஆய்வு என்றால் மனம் இன்னும் தயங்கும், ஏனெனில் இவருக்கு இதுதான் நல்லது என்று நாங்கள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருப்போம். எது நல்லது என்பது யாருக்கும் இன்னும் தெரியாததால்தானே அந்த ஆய்வு நடக்கிறது என்பது அப்போது உறைக்காது. அந்த ஆய்வாளர் டாக்டர் பட்டம் வாங்குவதற்கு நம் நோயாளிகளா கிடைத்தார்கள் என்று தேநீர் வேளையில் பேசிக்கொள்வோம். அதை நான் இப்போதும் முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன்.

தென்னாப்பிரிக்காவில் இந்தத் தயக்கத்துக்கு இன்னோர் ஆழமான வேரும் இருக்கிறது. 2016இல் கௌடெங் மாகாண சுகாதாரத் துறை, லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தின் பராமரிப்பு நிலையங்களில் இருந்த சுமார் 1,700 மனநல நோயாளிகளைச் செலவைக் குறைப்பதாகச் சொல்லி, போதிய வசதியில்லாத தொண்டு அமைப்புகள் உள்ளிட்ட இடங்களுக்கு மாற்றியது. அதில் 144 பேர் இறந்துபோனார்கள். பட்டினியாலும் கவனிப்பின்மையாலும் நேர்ந்த சாவுகள் அவற்றில் இருந்தன. அது ஆராய்ச்சி அல்ல, நிர்வாக முடிவு. ஆனாலும், எதிர்த்துப் பேச முடியாதவர்கள் பெயரில் மேலிடத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை, ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே நடத்திய நடுவர் விசாரணையின்போது நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்குப் பிறகு மனநலப் பிரிவில் வேலை செய்த எவருக்கும், கையில் படிவத்தோடு வருகிற அந்நியரைக் கண்டால் நோயாளிக்கு முன்னால் போய் நின்றுகொள்ளத்தான் தோன்றும். ஆனால் எசிடிமெனியிலும் நடந்தது இதுதானே, அந்த நோயாளிகளிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களைக் கேட்காமல் இடம் மாற்றினார்கள். நாங்கள் எங்கள் நோயாளிகளைக் கேட்காமலே நிறுத்தி வைத்தோம். விளைவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழக்கத்தில் அவ்வளவு வித்தியாசம் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனில் இரண்டு பெரிய அரசு நிதி அமைப்புகள் நடத்தவைத்த 114 மருத்துவ ஒப்பீட்டு ஆய்வுகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். முதலில் குறித்த எண்ணிக்கையில் ஆட்களைச் சேர்க்க முடிந்தவை அவற்றில் 31 விழுக்காடுதான். அவை எல்லா நோய்களுக்குமான ஆய்வுகள். மனநலத்துக்கே உரியதாக, தீவிர மனநோய் உள்ளவர்கள் வேலை தேடிக்கொள்ள உதவும் திட்டம் ஒன்றைச் சோதித்த தெற்கு லண்டன் ஆய்வில் ஆள் சேர்ப்பது ஏன் கடினமாயிற்று என்று 2009இல் எழுதினார்கள். சிகிச்சைக் குழுவினர் ஆய்வின் நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது, சேர்ப்பு நிபந்தனைகளுக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் கொண்டது, நோயாளிக்காகத் தாங்களே முடிவு செய்துவிடும் தாய்தந்தை மனப்பான்மை ஆகியவற்றை அதில் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்தபோது என் இழுப்பறையை யாரோ திறந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

பொருத்தமானவர் இல்லை என்ற சொல்லுக்கு மறுபடியும் வருகிறேன். நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த அந்தக் குளோசாபின் மருந்து, 1975இல் பின்லாந்தில் சில நோயாளிகள் வெள்ளணுக் குறைவால் இறந்ததையடுத்து ஓரங்கட்டப்பட்டது. வேறு எந்த மருந்துக்கும் அசையாத 268 மனச்சிதைவு நோயாளிகள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வின் முடிவு 1988இல் வெளியான பிறகுதான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. அந்த ஆய்வில் குளோசாபின் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் தேறினர், பழைய மருந்தான குளோர்புரோமசைன் பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரே தேறினர். அந்த 268 பேரும் வார்டில் மிகக் கடுமையாக நோயுற்றிருந்தவர்கள். என் கையில் விட்டிருந்தால் அவர்களில் ஒருவரையும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். அப்படி எல்லாச் செவிலியர்களும் இருந்திருந்தால், பேக்கரிக்கு வேலைக்குப் போகிற அந்த மனிதர் இன்று எந்த வார்டில் இருந்திருப்பாரோ.

முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்களிடம் எப்படிக் கேட்பது என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். இந்நாட்டின் 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளைத் தாமாக வருகிறவர்கள், முடிவெடுக்க முடியாமல் ஆனால் எதிர்ப்பின்றிச் சிகிச்சை பெறுகிறவர்கள், எதிர்ப்பையும் மீறிச் சேர்க்கப்படுகிறவர்கள் என்று பிரித்து வைத்திருக்கிறது. நோய் முற்றிய நிலையில் 72 மணி நேர மதிப்பீட்டுக்கு வார்டில் இருப்பவரிடம் துண்டுத்தாளை நீட்டுவதை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் மாத மாத்திரைக்கு வந்து நிற்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தாமாக வருகிறவர்கள். அவர்களுடைய ஒப்புதலை வாங்கித்தான் சிகிச்சையே தருகிறோம். ஆய்வுக்கு அதைவிடக் கடுமையாக, நோக்கத்தையும் வரக்கூடிய நன்மை தீமைகளையும் விளக்கிய பிறகு எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2003ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71ஆம் பிரிவு வைத்திருக்கிறது. நெறிமுறைக் குழு ஒருமுறை சலித்து, சட்டம் ஒருமுறை சலித்த பிறகு, செவிலியர் தம் மனத்துக்குள் மூன்றாவது சல்லடை ஒன்றை வைத்துக்கொள்கிறார். முதல் இரண்டுக்கும் பதிவேடு உண்டு. மூன்றாவதில் யார் தங்கினார், யார் விழுந்தார் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. உலக மருத்துவச் சங்கம் 2024 அக்டோபரில் திருத்திய, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை ஆய்வில் சேர்ப்பதால் வரும் தீங்கோடு, விலக்கி வைப்பதால் வரும் தீங்கையும் எடை போடச் சொல்கிறது. எங்கள் காலத்தில் ஒரு தட்டை மட்டும்தான் பார்த்தோம்.

இங்கே விலக்கத்தின் தீங்கு சிறியதல்ல. 2002 முதல் 2004 வரை நாடு முழுவதும் 4,351 பெரியவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுக்கு உள்ளானவர்களாக இருந்தார்கள். அதற்கு முந்தைய ஓராண்டில் கோளாறு இருந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைத்திருந்தது. மற்ற மூவருக்கு எந்த உதவியை, யார் மூலம், எவ்வளவு செலவில் கொடுக்கலாம் என்பதை லண்டனில் எடுத்த முடிவை வைத்துச் சொல்லிவிட முடியாது, டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலும் குவாமாஷுவிலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் 1981ஆம் ஆண்டு வாக்கில் முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைச் சேர்த்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு தங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 90 பேரையும் முதலில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதையும் எழுதிவிடுகிறேன். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுமத்தில், குறிப்பிட்ட ஆய்வு எதையும் முன்வைக்காமல், ஆய்வாளர்கள் பின்னொரு நாள் உங்களைத் தொடர்புகொள்ளலாமா என்பதை மட்டும் நோயாளியிடம் கேட்டுக் கோப்பில் பதிந்துவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சரி என்றவர் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று மாற்றிக்கொள்ளலாம், ஒவ்வோர் ஆய்வுக்கும் தனித்தனியாக ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ செய்யலாம். இந்த முறையில் செவிலியரை ஒதுக்கிவிடவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்கிறவர் அவர்தான், எந்த மாதத்தில் கேட்பது என்று பார்த்துச் செய்கிறவரும் அவர்தான். ஆனால் கேட்டாரா இல்லையா என்பது கோப்பில் தெரிந்துவிடும். இங்கும் ஆண்டுக்கொரு முறை சிகிச்சையை மறுபரிசீலனை செய்யும் நாளில், எடை, ரத்த அழுத்தம் குறிக்கிற அதே தாளில் இதற்கும் ஒரு கட்டம் போட்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

ஆய்வாளர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். பங்கேற்றவர்களின் நேரத்துக்கும் சிரமத்துக்கும் செலவுக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்று இங்குள்ள நெறிமுறை வழிகாட்டுதல் சொல்கிறது. டாக்சிக் கட்டணத்துக்காக ஏழைகள் சேர்ந்துவிடுவார்களே என்று என்னுடன் வேலை பார்த்தவர்கள் குறைபடுவதுண்டு, அந்தப் பணம் இல்லாமல் அவர்களை நடந்து வரச் சொல்வது என்ன நியாயமோ தெரியவில்லை. பேட்டிக்குப் பிறகு நோயாளி கலங்கினால் எந்த எண்ணில், யாரை அழைப்பது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்து, அந்தத் தொலைபேசியை எடுத்துப் பேச ஆளும் இருக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் ஒரே ஒரு பக்கத்தில், ஆங்கிலத்திலும் இங்குள்ள சூலு மொழியிலும், இன்னது கேட்டோம், இன்னது தெரிந்தது என்று எழுதிக் கிளினிக்கின் சுவரில் ஒட்ட வேண்டும். நான் பணியில் இருந்த காலமெல்லாம் அப்படி ஒரு தாளை என் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இழுப்பறையை முன்பே திறந்திருப்பேனோ என்னவோ.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டங்களிலும் பணியாற்றுகிற செவிலியர்கள் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்று நம்புகிறேன். அங்கே நோயாளியிடம் இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள், கேட்கப்படாதவர்களின் கணக்கு எங்கேனும் எழுதப்படுகிறதா என்பதை அவர்களில் எவரேனும் இதே பகுதியில் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.